இடப்பக்கம்

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் அக்கி வந்தது.
இடது விலாவில், முதுகில் தொடங்கி மார்பு நடுவில் நின்றது,
பாதியில் அறுந்த இடுப்புவார்போல.
கொசப்பேட்டையில் ஒருவர் காவி குழைத்துச்
சிங்கம் எழுதிவிட்டார்.
கொப்புளம் உதிர்ந்தது. காவியும் உதிர்ந்தது.
சிங்கம் மட்டும்
உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

ஐம்பத்து மூன்று வயதுவரை
சட்டையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.
காக்கி நூலுக்கு இத்தனை பற்கள் என்று தெரியாது.
மின்விசிறியை மூன்றில் வைத்தால்
காற்று தடவாது, சீவும்.
தோல்பை எப்போதும் இடப்பக்கம்தான் தொங்கும்,
வலத்துக்கு மாற்றினேன்.
இருபத்தாறு வருஷப் பழக்கம்,
சில்லறைக்குப் போகும் கை
இன்னமும் காற்றைத் துழாவுகிறது.

இருபத்தொன்பது சி, ஜெமினி தாண்டி, நிற்க இடமில்லை.
ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகமூட்டை
உரசிக்கொண்டு போனது, லேசாகத்தான்.
நான் கத்திய கத்தலில்
டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.
பிள்ளை பயந்து இறங்கிப் போயிற்று.
அது இறங்கவேண்டிய இடம் அதுவல்ல.

ஜி.ஹெச். டாக்டரம்மா
வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது
இதைத்தான் சொன்னேன்.

முதலில் ஒரு களிம்பு.
மிளகாயின் காரத்திலிருந்து எடுத்ததாம்,
எரிச்சலுக்கு எரிச்சல்.
கழுவிய பால்பாக்கெட் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு
ரெஜினா தடவிவிடுவாள்,
வற்றல் தாளிக்கிறவளின் முகத்தோடு.
சில வாரம் பொறுக்கச் சொன்னார்கள்.
ஒன்பதாம் நாள் நானே தடவிக்கொண்டு
கையைச் சரியாகக் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட்டேன்.
அன்று எல்லோருக்கும் அழுதுகொண்டேதான் மீதி கொடுத்தேன்.
"வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களா சார்?"
ஓர் அம்மா மெதுவாகக் கேட்டார்.

அப்புறம் ஒட்டு.
உள்ளங்கையை விடப் பெரிது, வெள்ளை, ஜில்லென்று இருக்கும்,
மரத்துப்போகும் மருந்து ஊறியது.
பன்னிரண்டு மணி நேரம் ஒட்டலாம்.
பன்னிரண்டு மணி நேரம் தோல் சும்மா கிடக்கவேண்டும்.
விலையைக் கேட்டதும், வெட்டலாமா என்றேன்.
வெட்டலாம் என்றார்கள்.
ரெஜினாவின் தையல் கத்தரிக்கோலால் இரண்டாக்கினோம்.

விடியற்காலை நான்கரைக்கு ஒட்டினால்
சாயங்காலம் நான்கரைவரை நான் கண்டக்டர்.
வலி போய்விடவில்லை.
பக்கத்து வீட்டு டிவிபோல
சுவருக்கு அந்தப்பக்கம் பேசிக்கொண்டிருக்கும்.
பெசன்ட் நகரில் டீ குடிக்கையில் ஒருநாள்
கடற்காற்று சட்டைக்குள் புகுந்து வெளியேறியது.
புகுந்தது என்பதையே
டீ முடிந்த பிறகுதான் கவனித்தேன்.

நான்கரைக்குப் பிறகு நான் ஒரு நாற்காலி.
நகராமல், சட்டையில்லாமல், யாரும் பக்கத்தில் வராமல்.
நான் சொல்லாமலே ரெஜினா கீழே பாய் விரித்தாள்.
கட்டிலின் இடப்பக்கம் அவளுடையது.
பதினொரு மாதமாய் அங்கே
மடித்த துணிகள் படுத்திருந்தன.
படிவத்தில் தூக்கத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, பசிக்கு ஒன்று,
வேலைக்கு ஒன்று.
இதற்கு இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஒட்டாமல் டூட்டிக்குப் போனேன்.
நாலு நடை.
ஒவ்வொரு பிரேக்குக்கும் சிங்கம் புரண்டு படுத்தது.
யாரையும் கத்தவில்லை,
ஒருவரை மட்டும், கொஞ்சம்.

இரவு ஒன்பதுக்கு நானே ஒட்டிக்கொண்டேன்.
துணிகளை அள்ளி நாற்காலியில் வைத்தேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
"கத்திடாதய்யா" என்றாள்.
திருட வந்தவளைப்போலத் தலையை வைத்தாள்.

மரத்த தோலில்
அந்தத் தலையின் கனம் சரியாகத் தெரியவில்லை.
தேங்காயெண்ணெய் வாசனை தெரிந்தது.
மின்விசிறி மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது.